நான்கு இலக்கங்களில் மறைந்திருக்கும் வயது: எம்ஆர்இ உணவுப் பொதிகளை வீட்டில் பயன்படுத்திய அனுபவம்

அவசர காலத்துக்கென்று அமெரிக்க இராணுவம் தன் வீரர்களுக்கு வழங்கும், சமைக்காமல் பிரித்ததும் உண்ணத்தக்க எம்ஆர்இ (Meal, Ready-to-Eat) உணவுப் பொதிகளை உதிரியாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பல ஆண்டுகளாக அவற்றை அவ்வப்போது வாங்கிச் சாப்பிட்டு வருவதால், அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒரு பொதியில் சுமார் 1,250 கிலோகலோரி இருக்கும், 24 வகை உணவுப் பட்டியல்கள் உண்டு என்பன போன்ற விவரங்களைத் தேடிப் படித்துவிட்டுத்தான் எவரும் வாங்க நினைப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சூடேற்றியைப் பாராட்டாமல் குறை சொல்லத் தொடங்கினால் அது நியாயமாக இருக்காது. மெக்னீசியமும் இரும்பும் உப்பும் கலந்து செய்த மெல்லிய வில்லை ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. உறையில் அச்சிட்டிருக்கும் கோடு வரை தண்ணீர் ஊற்றியதும் மெக்னீசியம் வினைபுரியத் தொடங்கி, ஏறத்தாழ 12 நிமிடங்களில் முதன்மை உணவின் வெப்பத்தைச் சுமார் 56 டிகிரி செல்சியஸ் உயர்த்திவிடுகிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்து பொதியோடு வரும் இந்தச் சிறு பொருள் அடுப்பும் மின்சாரமும் இல்லாத இரவில் ஆவி பறக்கும் உணவைத் தருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை. வினையின்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் வீட்டுக்குள் பயன்படுத்துவோர் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். அருகில் எரியும் சுடர் எதுவும் இருக்கக் கூடாது.

சுவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாட்டிறைச்சியும் மக்ரோனியும் சேர்ந்த சில்லி மாக் நன்றாகவே இருக்கும். காரச் சீஸ் பசையை எதன்மேல் தடவினாலும் அது தேறிவிடும். ஆக்சிஜன் உறிஞ்சியோடு அடைத்து வரும் ரொட்டி ஆண்டுக்கணக்கில் மென்மை கெடாமல் இருப்பது உண்மையிலேயே பெரிய சாதனை. நாள் முழுவதும் வியர்வை சிந்தும் படைவீரருக்காகக் கணக்கிட்ட உப்பும் கொழுப்பும் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அதிகம் என்பதையும், தொடர்ந்து 21 நாட்களுக்கு மேல் இதை மட்டுமே உண்ணக் கூடாது என்று இராணுவமே வரம்பு வைத்திருப்பதையும் நண்பர் நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தனை ஆண்டுகளாகியும் என் எரிச்சல் தணியாமல் இருப்பதற்குக் காரணம் பையின் மேல் இருக்கும் நான்கு இலக்க எண். காலாவதித் தேதி என்று எதுவும் உணவுப் பையில் அச்சிடப்படுவதில்லை. தயாரித்த நாளைக் குறிக்கும் எண் மட்டுமே இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்பவை. 5123 என்று இருந்தால் 5-இல் முடியும் ஓர் ஆண்டின் 123-ஆம் நாள், அதாவது மே 3. அந்த ஆண்டு 2015-ஆ, 2025-ஆ என்பதை அந்த எண்ணைக் கொண்டு அறிய முடியாது. உணவின் வயதில் பத்தாண்டு இடைவெளியை ஊகத்துக்கு விட்டுவிடும் ஒரு குறியீட்டை, சாப்பிடுபவர் எப்படி நம்பி வாயில் வைப்பார்? உணவுப் பட்டியல் அவ்வப்போது மாறுவதால், எந்த உணவு எந்த ஆண்டில் சேர்ந்தது என்று தெரிந்தவர்கள் ஓரளவு கணித்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் கடை மிட்டாய்களின் தேதியும் சில நேரம் உதவும். ஆனால் பிரித்துப் பார்த்தால்தானே மிட்டாய் தெரியும்?

வயது சரியாகத் தெரிந்தாலும் பாதிக் கதைதான் தெரிந்ததாகும். இந்த உணவு 27 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 ஆண்டுகளும் 38 டிகிரியில் 6 மாதங்களும் தாங்க வேண்டும் என்பதே இராணுவம் வகுத்த அளவுகோல். ஆகவே அது எத்தனை காலம் எந்த வெப்பத்தில் கிடந்தது என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்கு விடை சொல்லும் சிறு வட்ட அடையாளம் ஒன்று இருக்கவே இருக்கிறது. வெப்பமும் காலமும் கூடக் கூட அதன் உள்வட்டம் கருத்துக்கொண்டே வந்து, வெளிவளையத்தைவிட அடர்ந்துவிட்டால் உணவைச் சோதிக்க வேண்டும் என்று காட்டும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அது 12 பொதிகள் கொண்ட அட்டைப்பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டப்படுகிறது. உதிரியாக வாங்குபவரின் கைக்குப் பொதி மட்டுமே வருகிறது. பெட்டிகளை வணிக நோக்கில் மறுவிற்பனை செய்வது சட்டவிரோதம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பதால், உதிரியாக வாங்குபவரை மனத்தில் வைத்து இந்த ஏற்பாடு செய்யப்படவில்லை என்ற வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. எனினும் பெட்டியைப் பிரித்து வீரர்களுக்கு வழங்கிய மறுகணமே அவர்களும் அந்த அடையாளத்தை இழந்துவிடுகிறார்கள். பிரெஞ்சு இராணுவத்தின் 24 மணி நேர உணவுப் பெட்டியில் எந்த நாளுக்குள் உண்பது நல்லது என்று தெளிவாக அச்சிடுகிறார்களே!

கடைசியாக வாங்கிய ஒன்றில் ஆப்பிள் கூழ் பழுப்பேறி, சீஸ் பசை கருத்து, எல்லாவற்றிலும் தகர வாடை ஏறியிருந்தது. பை உப்பாமலும் கசியாமலும் இருந்ததால் அதனால் நோய் வந்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. அது ஒரு கோடைக்காலம் முழுவதும் ஏதோ ஒரு தகரக் கொட்டகையில் வெந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். விற்றவரிடம் கேட்டதற்கு, எண்ணைப் பார்த்தால் புதியது என்று பதில் வந்தது.

ஆகையால், சூடேற்றியையும் ரொட்டியையும் இவ்வளவு புகழ்ந்த பிறகும், நண்பருக்கு என் பதில் வாங்க வேண்டாம் என்பதே. அவசரத்துக்கு, தேதி அச்சிட்ட சாதாரண டின் உணவுகளை வாங்கிக் குளிர்ந்த இடத்தில் அடுக்கி வையுங்கள். பிரிக்காத முழுப்பெட்டி ஒன்று, உள்வட்டம் இன்னும் வெளிறியிருக்கும் நிலையில் உங்கள் கண்முன் வந்தால், அப்போது என்னிடம் மறுபடி கேளுங்கள்.