விஎம்மில் நெட்வொர்க் அடிக்கடி போகிறதா? டிரைவர் தேதியைப் பாருங்கள்

போன வாரம் நண்பன் ஒருவன் போனில் கேட்டான். "ஆபீஸ்ல பழைய டவர் ஒண்ணு சும்மா கெடக்குடா. லினக்ஸ் போட்டு, அதுக்குள்ள விண்டோஸ் விஎம் வெச்சு கணக்கு சாஃப்ட்வேர ஓட்டலாமா? நீதான் நாலு வருஷமா ஓட்டுறியே." விஎம் என்றால் வர்ச்சுவல் மெஷின், ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர். அவனுக்குச் சொன்ன பதில் கடைசியில் இருக்கிறது. அதற்குள் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

நான் பார்த்துக்கொள்வது ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகம். லினக்ஸ் ஹோஸ்ட் (விஎம்மைத் தாங்குகிற நிஜ மெஷின்), விஎம்மை ஓட்ட லினக்ஸின் கேவிஎம், உள்ளே கெஸ்ட்டாக ஒரு விண்டோஸ் 10, அதற்கு விர்ட்ஐஓ என்கிற, விஎம்களுக்கென்றே செய்த கற்பனை நெட்வொர்க் கார்டு. கணக்கு ஃபோல்டரை ஆறு பேர் திறந்து வேலை பார்க்கிறார்கள். இதில் எனக்குக் குறையே இல்லாத விஷயங்கள் நிறைய உண்டு. ஒருமுறை மதர்போர்டு போனபோது, விஎம்மின் டிஸ்க் ஃபைலை வேறொரு மெஷினில் போட்டு மதியச் சாப்பாட்டுக்குள் எழுப்பிவிட்டேன். தனி விண்டோஸ் மெஷினாக இருந்திருந்தால் அன்று முழுக்க அழுதிருப்பேன்.

ஆனால் நெட்வொர்க் போகும். வாரத்துக்கு இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தது, பிறகு தினமும் போனது. அதுவும் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற 20-ஆம் தேதி வந்தால் போதும், ஃபைல்கள் இங்குமங்கும் பறக்கிற நேரம் பார்த்துச் சரியாகக் காலை வாரும். கணக்கு பார்க்கிற அக்காவிடமிருந்து போன் வரும்: "தம்பி, மறுபடியும் போச்சு." விஎம்மை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அதுதான் வினையே. ரீஸ்டார்ட்டில் சரியாகிற எதையும் நாம் ஒழுங்காகப் பார்ப்பதில்லை.

கேபிளை மாற்றினேன். எட்டு போர்ட் ஸ்விட்சை மாற்றினேன். கார்டின் பவர் சேவிங் டிக்கை எடுத்தேன். பாக்கெட் வேலையில் ஒரு பகுதியைக் கார்டின் தலையில் கட்டுகிற ஆஃப்லோடு அமைப்புகளை எல்லாம் அணைத்தேன். தொல்லை கொஞ்சம் குறைந்தது, காப்பி வேகமும் கூடவே படுத்தது. கோபத்தில் ஒரு நாள் விர்ட்ஐஓவைத் தூக்கிவிட்டு ஈ1000 மாடலை வைத்தேன். அது இன்டெல்லின் பழைய கிகாபிட் சிப் ஒன்றை அப்படியே நடித்துக் காட்டுகிற கார்டு. நெட்வொர்க் போகாமல் நிலைத்தது, ஆனால் பேக்கப் ஓடும்போதெல்லாம் சிபியு மூச்சு வாங்கியது. விண்டோஸோ இதைப் புதுக் கார்டாக எடுத்துக்கொண்டு, பழைய ஐபியைக் கொடுத்தால் "அது ஏற்கெனவே இன்னொரு கார்டுக்கு இருக்கிறதே" என்றது. அந்த இன்னொரு கார்டு நான் கழற்றிப்போட்டதுதான்! டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லி, அந்த ஆவியை நீக்க வேண்டியிருந்தது. மறுநாளே விர்ட்ஐஓவுக்குத் திரும்பினேன்.

கடைசியில் வெட்கக்கேடான ஒரு காரியம் செய்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரௌட்டரைப் பிங் செய்து, பதில் வராவிட்டால் கார்டை அணைத்து மறுபடி போடுகிற ஸ்கிரிப்ட். அதோடு எட்டு மாதம் குடித்தனம் நடத்தினேன்.

ஒரு நாள் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, விஎம்மின் திரையை ஹோஸ்டிலேயே காட்டுகிற கன்சோலைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். மூன்று மணிவாக்கில் போனது. கீழே நெட்வொர்க் ஐகான் ஒன்றுமே நடக்காதது போல் நல்ல பிள்ளையாக இருந்தது. கார்டின் ஸ்டேட்டஸைத் திறந்தேன். அனுப்பிய எண்ணிக்கை ஏறுகிறது. பெற்ற எண்ணிக்கை அசையவே இல்லை. ஹோஸ்ட் பக்கம் டிசிபிடம்ப் (போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போட்டால், விஎம் "கேட்வே (அதாவது ரௌட்டர்) யார்?" என்று கேட்கிறது, கேட்வே "நான்தான்" என்கிறது, விஎம் மறுபடியும் "கேட்வே யார்?" என்கிறது. வாசல் வரை வந்த பதிலை உள்ளே வாங்க ஆள் இல்லை.

ஹோட்டல் சமையலறை ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். கெஸ்ட் டிரைவர், அதாவது உள்ளே விண்டோஸில் கார்டை இயக்குகிற மென்பொருள், காலித் தட்டுகளை ஜன்னலில் அடுக்க வேண்டும். ஹோஸ்ட் அதில் பாக்கெட்டைப் போட்டு மணியடிக்கும். டிரைவர் எடுத்துக்கொண்டு மறுபடி காலித் தட்டு வைக்கும். ஒரு மணியோசையைத் தவறவிட்டால் நிறைந்த தட்டுகள் அங்கேயே ஆறிப்போகும், காலித் தட்டு வராததால் சமையற்காரரும் கையைக் கட்டிக்கொள்வார். கார்டை அணைத்துப் போட்டால் ஜன்னலைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குகிறார்கள். அதனால்தான் அது வேலை செய்தது.

டிரைவர் தேதியைப் பார்த்தேன். 2018. ஹோஸ்டை மாதாமாதம் அப்டேட் செய்கிற மகானுபாவன், கெஸ்ட்டை முதல் நாள் கையில் கிடைத்த பழைய ஐஎஸ்ஓவோடு (டிரைவர்கள் அடங்கிய டிஸ்க் ஃபைல்) விட்டிருக்கிறேன். லினக்ஸ் கெஸ்ட் என்றால் இந்தப் பேச்சே இல்லை. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 முதல் விர்ட்ஐஓ கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, கெர்னலோடு சேர்ந்து அதுவும் புதுசாகிவிடும். விண்டோஸுக்கு நாமேதான் ஊட்ட வேண்டும். என் விஎம்மில் தானாகத் தேடச் சொன்னால் "சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது" என்று கூசாமல் பொய் சொன்னது. புது ஐஎஸ்ஓவை மாட்டி, அதில் நெட்வொர்க் டிரைவர் இருக்கும் நெட்கேவிஎம் ஃபோல்டரில் நம் விண்டோஸ் பதிப்பை நாமே காட்டினால்தான் ஏற்றுக்கொண்டது.

இதை கன்சோலில் உட்கார்ந்து செய்யுங்கள். நான் இரவு வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் செய்தேன். உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டினேன். திரை உறைந்தது. ஹோஸ்டுக்கு வெளியிலிருந்து நுழைய நான் வழியும் வைத்திருக்கவில்லை. ஒன்பதரை மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், நிலையான ஐபி பறந்துபோய், முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானே வைத்துக்கொள்கிற 169.254 என்று விழித்துக்கொண்டிருந்தது. ஐபியைத் திரும்ப அடித்தேன், வந்துவிட்டேன். நல்ல வேளை, பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தேன், தேவைப்படவில்லை.

ஐந்து மாதம் ஆகிறது. ஒரு தடவைகூடப் போகவில்லை. ஆஃப்லோடை மறுபடி போட்டுவிட்டேன், வேகமும் திரும்பியது. ஸ்கிரிப்டை அழித்தாயிற்று. அக்கா இப்போது பிரிண்டரைப் பற்றி மட்டும்தான் போன் செய்கிறார்.

இவ்வளவு நன்றாக ஓடுகிற ஒன்றுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பத்துக்கு நாலு. அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்? நண்பனிடம், "வேண்டாம்டா, கணக்குக்குத் தனியா ஒரு சின்ன கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுடு" என்றேன். பேசி முடித்துவிட்டு, ஸ்கேனருக்காக அதே ஹோஸ்டில் இரண்டாவது விண்டோஸ் விஎம் போட உட்கார்ந்தேன். முதலில் புது ஐஎஸ்ஓவை இறக்கினேன்.