விளக்கு எரிந்தால் திருமயம்: டீசல் எஸ்யூவியோடு சில வருடங்கள்

2025 செப்டம்பரில் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் என்று ஆனதிலிருந்து தேவகோட்டைத் தம்பி என்னை விடுவதாக இல்லை. "அண்ணே, முன்னே செஸ்ஸோட சேர்த்து அம்பது வரைக்கும் போச்சு. இப்ப எடுத்துரலாமா? உங்க வண்டி எப்படி இருக்கு?" அவனுக்கும், அதே யோசனையில் இருப்பவர்களுக்கும் இது.

என்னுடையது ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. இன்ஜின் சக்தி, ஏர்பேக் எண்ணிக்கை எல்லாம் ஷோரூம் தாளிலேயே இருக்கும். அந்தத் தாளில் யாரும் கண்ணை ஓட்டாத ஒரு சாமானைப் பற்றித்தான் நான் புலம்ப வேண்டியிருக்கிறது. அதன் பெயர் டிபிஎஃப்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது டீசல் கார்களின் புகைக்குழாயில் வந்து உட்கார்ந்த வடிகட்டி அது. கரித்துகளை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிடித்த கரியை அவ்வப்போது அறுநூறு டிகிரிச் சூட்டில் எரித்தாக வேண்டும். அதற்கு வண்டி கால் மணி, இருபது நிமிடம் நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். காரைக்குடிக்குள் எங்கே ஓடுவது? செக்காலை ரோட்டில் காய்கறி, பள்ளிக்கூட வாசல், கல்லுக்கட்டியில் மருந்துக்கடை. இன்ஜின் சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. கரி சேர்கிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது.

விளக்கு எரிந்தால், நிற்காமல் ஓட்டுவதற்காகவே நான் திருமயம் வரை போவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. கோட்டை கண்ணில் பட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். வடிகட்டியைச் சூடாக்க இன்ஜின் டீசலைக் கூடுதலாக ஊற்றுவதால், போகிற வழியெல்லாம் திரையில் மைலேஜ் இறங்கிக்கொண்டே வரும். காற்று கெடக்கூடாது என்பதற்காக, போக வேண்டாத ஊருக்கு டீசலை எரித்துக்கொண்டு போய் வருகிறேன். வீட்டில் இதற்கு "கரி கொட்டப் போறது" என்று பெயர்.

கரி எரிவதைப் பாதியில் நிறுத்தினால் இன்னும் வேடிக்கை. பின்தெரு வழியாக வீட்டு வளாகத்துக்குள் வண்டியை விட்டு, இன்ஜினை அணைத்து இறங்கிய பிறகும் ஃபேன் பேய் பிடித்த மாதிரி சுற்றும். இரும்பு காய்ந்த வாடை வரும். அடியில் குனிந்தால் முகத்தில் அனல் அடிக்கும். காய்ந்த புல், சருகின் மேல் நிறுத்தாதே என்று கையேட்டில் போட்டிருப்பது சும்மா இல்லை. தைலமரத் தோப்பு ஓரம் நிறுத்துகிறவர்கள் கவனிக்க. அப்புறம், இப்படி அடிக்கடி பாதியில் நின்றால் டீசல் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் குறைகிறதா என்று பார்த்துப் பழகிய நாம், இந்த வண்டியில் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சர்வீஸில் கேட்டதற்கு, "சார், நீங்க ஹைவேயில ஓட்டணும் சார்" என்றார்கள். விற்கிற அன்றைக்கு, எந்த ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா?

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. என் வண்டி ஊருக்குள் லிட்டருக்குப் பத்து கி.மீ. கொடுக்கிறது, வெளியே பதினைந்து. மாத்திரை வாங்க நான் தனியாகப் போனால் கி.மீ.க்கு 270 கிராம், முழுதும் என் கணக்கில். ஏழு பேராக இளையாத்தங்குடி, வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று கோயிலுக்குப் போகிற நாளில் தலைக்கு 26 கிராம்தான். பத்து மடங்கு வித்தியாசம்! மின்சாரக் கார் மட்டும் யோக்கியமா என்றால், நிலக்கரி புண்ணியத்தில் நம் மின்சார கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வருகிறது. யூனிட்டுக்கு ஆறு கி.மீ. ஓடினால் 115 கிராம் சொச்சம். ஆனாலும் செக்காலை ரோட்டுக்கு என் டீசலில் பாதிகூட இல்லை. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் மின்வேதியியல் நிறுவனத்தை 1953லிருந்து ஊரிலேயே வைத்துக்கொண்டு நான் திருமயத்துக்குக் கரி கொட்டப் போவது எனக்கும் உறைக்கத்தான் செய்கிறது.

இதே வண்டியில் சென்னைக்குப் போய்ப் பாருங்கள். நானூறு கி.மீ. ஓட்டி இறங்கினாலும் இடுப்பு பிடிக்காது, அந்த மஞ்சள் விளக்கு இருக்கிற இடமே தெரியாது. சித்திரை வெயிலிலும் கடைசி வரிசை வரைக்கும் ஏசி எட்டும். ஆத்தாவுக்கு முழங்கால் வலி. தாழ்வான காரில் குனிந்து ஏற முடியாது. இதில் சீட்டில் அப்படியே உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் போகிற அன்று ஆளும் ஏறி, தூக்குச்சட்டிகளும் ஏறி, அதற்கு மேல் ஒரு வாழைத்தாரும் ஏறும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தம்பி, நீ வாங்காதே. வீட்டில் நாலு பேர், கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் மூன்று கி.மீ. வரி இறங்கினால் கரி இறங்காது. சின்ன பெட்ரோல் காருக்கு இப்போது 18 சதவீதம்தான் வரி, அதை எடு. இல்லை, மின்சாரத்துக்குப் போ. "அப்ப நீங்க ஏன் விக்கல?" என்பாய். நான் விற்க மாட்டேன், கேட்டு வந்தவரிடம் விலைகூடப் பேசவில்லை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து போகிற விசேஷம் வந்தால் முதல் நாளே போன் பண்ணு, வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். டீசல் உன் செலவு.