பசவனகுடியில் குளிர்காலம்: பல ஆண்டுகள் குடியிருந்த அனுபவம்

பெங்களூரின் தென்பகுதியில் உள்ள பசவனகுடியில் பல ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். அங்கே வீடு தேடும் தமிழ் நண்பர்கள் வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி விசாரிப்பார்கள். அவற்றுக்குரிய பதில் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தப் பேட்டை நவம்பர் முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை எப்படி இருக்கும் என்பது மட்டும் அவ்வளவாக மாறுவதில்லை. அங்கே வீடு எடுப்பதற்கு அதுவே முதற்காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து என்பதால், இந்தப் பகிர்வை அந்த மாதங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1898-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசலான பழைய நகரப் பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றிக் குடியமர்த்த விரிவாக்கப்பட்ட பகுதிகளுள் பசவனகுடியும் மல்லேசுவரமும் முக்கியமானவை. நேரான சாலைகள், பின்புறச் சந்துகள், நடுவே பூங்கா என்று திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரப் பகுதிதான் இது. ஆனால் இதற்கு முன் இங்கே சுங்கேனஹள்ளி என்ற கிராமமும் அதைச் சுற்றி நிலக்கடலைக் கொல்லைகளும் இருந்தன. கொல்லைகள் மறைந்துவிட்டபோதிலும் அவற்றின் பருவக் கணக்கை இந்தப் பேட்டை இன்னும் கைவிடவில்லை. எந்த மாதத்தில் எது விளைந்து வருகிறது, அதை யாருக்கு முதலில் படைப்பது, யார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதெல்லாம் குளிர்காலத்தில்தான் தெளிவாகப் புலப்படும்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பெரும்பாலும் 15, 16 டிகிரி வரை இறங்கும். பகலில் 27 டிகிரியை ஒட்டி இருக்கும். 1884 ஜனவரி 13 அன்று 7.8 டிகிரி பதிவானதாகச் சொல்லும் குறிப்பைப் படித்துவிட்டு ஊட்டிக்குப் போவதுபோல் கம்பளி வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு துண்டும் போதும். உண்மையில் அதிகமாகக் குளிர்வது வானம் தெளிந்த ஜனவரி நாட்களில் அல்ல. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிச் சென்னையில் மழை கொட்டும் நவம்பர், டிசம்பர் நாட்களில், இங்கே வெயிலே இல்லாமல் தூறலும் ஊதல் காற்றுமாகப் பகல் முழுவதும் விறைப்பாக இருக்கும்.

அத்தகைய நாட்களில் பழைய வீடுகளின் குறைகள் தெரியவரும். ரெட் ஆக்சைடு தரை கோடைக்கு எவ்வளவு இதமோ, டிசம்பர் விடியலுக்கு அவ்வளவு கொடுமை. முதியவர்கள் இருக்கும் வீட்டில் பாயும் வீட்டுக்குள் போடும் செருப்பும் அவசியம். மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் இருப்பதை நம்பிக் குளியலறையில் கீசர் வைக்காத வீடுகள் உண்டு. இரண்டு நாள் மேகமூட்டம் போட்டால் மூன்றாம் நாள் காலையில் வெந்நீர் இருக்காது. தேங்காய் எண்ணெய் சீசாவிலேயே உறைந்துவிடும். இட்லி மாவு இரவு முழுவதும் வைத்தாலும் பொங்காது. வெந்தயத்தைச் சற்றுக் கூடுதலாகப் போட்டு, மாலை நான்கு மணிக்கே அரைத்து, பாத்திரத்தைக் கனத்த துணியால் சுற்றி வைத்தால் காலையில் சரியாக இருக்கும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றவைப்பது வெளியே நடக்கும் வாழ்க்கை. இந்தக் குளிர் மனிதர்களை வீட்டுக்குள் அடைப்பதில்லை, வெயிலைத் தேடித் தெருவுக்கு வரவழைக்கிறது. நவம்பரில் மரமல்லிப் பூக்கள் உதிர்ந்து நடைபாதையெங்கும் கிடக்கும்; அந்த மணம் ஈரக்காற்றில் நெடுநேரம் நிற்கும். ஜனவரியில் சூரியன் 6.45 மணி வாக்கில்தான் உதிக்கும் என்பதால், கிருஷ்ணராவ் பூங்காவிலும் பியூகிள் ராக் பாறைப் பகுதியிலும் ஏழு மணிக்குப் பிறகுதான் கூட்டம் சேரும். நடந்து முடித்தவர்கள் வெயில் படும் திண்ணைகளையும் கற்பலகைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். புதிதாக வந்த தமிழ்க் குடும்பத்தை அக்கம்பக்கம் அறிந்துகொள்வது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். கன்னடம் தட்டுத்தடுமாறிப் பேசினாலும் போதும். பேச முயல்கிறார் என்ற மதிப்பு உடனே கிடைக்கும்.

குளிர்காலத்தின் முதற்பெரும் நிகழ்ச்சி கடலேகாயி பரிஷெ எனப்படும் நிலக்கடலைத் திருவிழா. தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி அது சில நாட்கள் நடக்கும். ஆகவே நம் பஞ்சாங்கத்தின் கார்த்திகையோடு ஒத்துப் பார்த்து நாள் குறித்தால் தவறிவிடும். பயிரைத் தின்று அழித்த காளையைச் சாந்தப்படுத்த, கெம்பே கவுடர் காலத்தில் கோயில் எழுப்பி முதல் விளைச்சலைப் படைக்கத் தொடங்கினார்கள் என்பது ஊர் வழக்கு. ஒற்றைக் கல்லில் வடித்த அந்தப் பெரிய நந்தியின் கோயிலையும் பக்கத்திலுள்ள தொட்ட கணபதி கோயிலையும் ஒட்டிய புல் டெம்பிள் ரோடு நெடுகிலும் நிலக்கடலைக் குவியல்கள் நிரம்பும். கோலார், சிந்தாமணி, மாகடி ஆகிய பகுதிகளிலிருந்து மட்டுமல்லாமல், தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்தும் வியாபாரிகள் மூட்டைகளோடு வருவார்கள். அந்தச் சில நாட்களில் சாலையில் கன்னடத்துக்கு இணையாகத் தமிழும் தெலுங்கும் கேட்கும்.

கடலை வாங்க விரும்புவோர் திங்கட்கிழமை மாலையில் போகக் கூடாது. அப்போது நின்று தேர்ந்தெடுக்கவே இடம் இருக்காது. முந்தைய ஞாயிறு காலையிலேயே மூட்டைகள் பிரிக்கப்பட்டுவிடும். பச்சைக்காய், அவித்தது, வறுத்தது என மூன்று வகையும் கிடைக்கும். வீட்டில் உப்புப் போட்டு அவிப்பதற்கு மண் ஒட்டிய பச்சைக்காயே மேல். வெளியிலிருந்து பார்க்க வருபவர்களுக்கு அது ஒரு மாலைப்பொழுதின் மகிழ்ச்சி. அந்தச் சாலையிலேயே குடியிருப்பவர்களுக்கு வண்டி எடுக்க முடியாத, நள்ளிரவு வரை பீப்பிச் சத்தம் ஓயாத நாட்கள். கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள குடும்பம் அந்தச் சாலையை ஒட்டி வீடு எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

எனக்குத் திருவிழாவைவிட நெருக்கமானது அதற்குப் பின் வரும் மொச்சைக் காலம். டிசம்பர் தொடங்கியதும் காந்தி பஜாரின் நடைபாதைகளில் அவரேகாயி என்று இவர்கள் சொல்லும் பச்சை மொச்சை குவியும். பனி விழுந்த செடியின் காய்க்குத்தான் அந்த எண்ணெய்ப் பிசுக்கும் வாசனையும் உண்டு என்பது எல்லோருடைய உறுதியான நம்பிக்கை. வாங்குபவர் ஒவ்வொருவரும் ஒரு காயை நசுக்கி முகர்ந்து பார்த்த பிறகே விலை கேட்பார்கள். கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பில் வைக்கும் சாறு, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தார் வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு உடன்பிறந்தது. பிதுக்கிய பருப்பே கடைகளில் விற்கிறது. நான் அதை வாங்குவதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் முறத்தோடு வாசற்படியில் உட்கார, நாமும் ஒரு கிண்ணத்தோடு போய் உட்கார்ந்து, வெயில் முதுகில் படப் பிதுக்கிக்கொண்டே பேசும் முற்பகல் அதில் கிடைக்காது. விசுவேசுவரபுரத்தின் தின்பண்டத் தெருவில் தொடங்கிய அவரேகாய் மேளா, கூட்டம் பெருகியதால் அண்மை ஆண்டுகளில் நேஷனல் கல்லூரி மைதானத்துக்கு மாறியிருக்கிறது. மொச்சை தோசையும் மொச்சை ஜிலேபியும் ஒரு முறை சுவைத்துப் பார்க்கத் தக்கவை. வீட்டுச் சாற்றுக்கு அவை ஈடாகா.

சங்கராந்தி அன்று சிறுமிகள் பட்டுப்பாவாடையோடு வீடு வீடாக வந்து எள், வெல்லம், கொப்பரை, வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை கலந்த எள்ளு பெல்லத்தையும் சர்க்கரை அச்சையும் கரும்புத் துண்டையும் கொடுப்பார்கள். நம் வீட்டுப் பொங்கலைப் பதிலுக்குக் கொடுத்தால் அடுத்த ஆண்டு முன்கூட்டியே கேட்பார்கள். அன்று மாலை கவிபுரத்தின் கவி கங்காதரேசுவரர் குகைக் கோயிலில், மறையும் சூரியனின் ஒளி நந்தியின் கொம்புகளுக்கு இடையே நுழைந்து லிங்கத்தின்மேல் விழும். கூட்டத்தில் உள்ளே நின்று அதைப் பார்ப்பது அரிது. குகையின் அமைதியை உணர வேண்டுமானால் வேறொரு வார நாளில் போவதே நல்லது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு கன்னடத்தின் மாபெரும் எழுத்தாளராக விளங்கிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வாழ்ந்தது இதே கவிபுரத்தில்தான் என்பதை, அந்தத் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் பெருமிதத்தோடு நினைத்துக்கொள்வேன்.

உணவகங்களைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. 1940-களிலிருந்து இயங்கும் வித்யார்த்தி பவனில் வார இறுதியில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை விடுமுறை. வார நாள் காலையில் போனால் மொறுமொறுப்பான மசால் தோசை விரைவில் கிடைக்கும். சங்கரபுரத்தின் பிராமின்ஸ் காபி பாரில் சாம்பார் கிடையாது. இட்லிக்குச் சட்னி மட்டுமே, அதுவே நிறைவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இந்தப் பருவம் எளிதல்ல. தூசியும் மகரந்தமும் குளிர்காற்றும் சேர்ந்து விடியற்காலையில் நெஞ்சை அடைக்கும். தெருமுனைகளில் சருகு எரிப்பது அதை மேலும் மோசமாக்கும். காந்தி பஜாரில் மாலை நேரத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. 2017 முதல் நேஷனல் கல்லூரி மெட்ரோ நிலையம் இருப்பதால் அதில் வந்து நடப்பதே விவேகம். இவற்றைவிட வருத்தம் தருவது, ஓட்டுவீடுகள் ஆண்டுதோறும் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுவதுதான். வாசற்படி இல்லாத வீட்டின் முன் மொச்சை உரிக்க யாரும் உட்கார்வதில்லை.

வீடு பார்க்க வருபவர்கள் டிசம்பரில் ஒரு வார நாள் காலை எட்டு மணிக்கு வாருங்கள். கிழக்குப் பார்த்த முதல் மாடியாக, வெயில் விழும் பால்கனியோடு இருக்கிறதா என்று பாருங்கள். சோலாரோடு கீசரும் இருக்கிறதா என்று குழாயைத் திறந்து சோதியுங்கள். புல் டெம்பிள் ரோட்டிலிருந்து இரண்டு மூன்று தெருக்கள் உள்ளே தள்ளி, காந்தி பஜாருக்கு நடந்து போகும் தொலைவில் கிடைத்தால், வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.