மத்தியா, கேப்சூலா, ஆளிவிதையா? முடக்குவாதத்துக்கு ஒமேகா-3 கணக்கு

முடக்குவாதத்துக்கு ஆளாளுக்கு ஒரு பத்தியம் சொல்வார்கள். கத்திரிக்காய், தக்காளியை ஒதுக்கச் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மீன் கொழுப்புக்கு ஓரளவு உண்டு, ஆனால் அளவு முக்கியம். மூட்டுவலியும் காலை விறைப்பும் குறைந்த ஆய்வுகள் பலவற்றில் மீன் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 வகைகளான ஈபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்த்துத் தினமும் சுமார் 3 கிராம் கொடுத்தார்கள், அதுவும் 3 மாதத்துக்குக் குறையாமல்.

கேப்சூலில் ஏமாறுவது இங்கேதான். டப்பாவின் முன்பக்கம் ‘1000 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது எண்ணெயின் எடை. திருப்பினால் பொடி எழுத்தில் ஈபிஏ 180, டிஎச்ஏ 120. ஆக, ஒன்றில் 300 மி.கி. தான், 3 கிராமுக்கு 10 கேப்சூல் வேண்டும். தினம் ஒன்று போட்டு, ஒரு மாதத்தில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்தினால் குற்றம் எண்ணெயுடையதல்ல. செறிவூட்டியது என்றால் நாலைந்து போதும், விலைதான் கடிக்கும். மீன் ஏப்பம் வந்தால் சாப்பாட்டுக்கு நடுவே போடுங்கள். காட் லிவர் எண்ணெயை (காட் மீனின் ஈரல் எண்ணெய்) இந்த அளவுக்கு ஏற்றவே கூடாது. வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மத்தி மீன் 100 கிராமில் ஈபிஏ, டிஎச்ஏ சேர்த்து ஏறக்குறைய 1 முதல் 1.5 கிராம் கிடைக்கும். பருவத்துக்குப் பருவம் மாறும். ஆய்வு அளவை மீனிலேயே எட்ட தினமும் கால் கிலோ தின்ன வேண்டும், நடக்காத காரியம். ஆனால் வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாக வைத்தால் புரதமும் கால்சியமும் சேர்ந்து வரும். ஸ்டீராய்டு எடுப்பவர்களின் எலும்புக்கு அது தேவை. அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் (ஏசிஆர்) 2022 வழிகாட்டுதலும் மீன், காய், பயறு, ஆலிவ் எண்ணெய் கலந்த மத்தியதரைக்கடல் பாணி உணவுக்கே ஆதரவு. கேப்சூல் வகையறாவை அது பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. எனவே முதலில் குழம்பு. வலி அடங்காமல், மருத்துவரும் சரி என்றால் கேப்சூல். எதை எடுத்தாலும் முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை நிறுத்தக் கூடாது.

ஆளிவிதை? அதிலிருப்பது ஏஎல்ஏ என்ற தாவர ஒமேகா-3. உடல் அதில் சிறு பங்கைத்தான் ஈபிஏ ஆக்கும். டிஎச்ஏ கிட்டத்தட்ட இல்லை. முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியே போகும், பொடித்தே சாப்பிட வேண்டும். மலச்சிக்கலுக்கு நல்லது, மூட்டுக்கு இதை நம்ப முடியாது. சைவர்களுக்குப் பாசி எண்ணெய்க் கேப்சூல் இருக்கிறது. அதிலும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தே வாங்குங்கள், பலவற்றில் டிஎச்ஏ மட்டும்தான்.