குரோமா பயர்பாக்ஸா, வேர்ட்பிரஸா பிளாகரா: கெட்டுப்போனால் யார் சரி பண்ணுவது?

கீழக்கரையில் என் ப்ரவுசிங் சென்டரில் நாலு கம்ப்யூட்டர். மூலையில் கிடக்கும் ஒன்று இன்னும் விண்டோஸ் 7-லேயே ஓடுகிறது. வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டு கேள்வி. "எந்த ப்ரவுசர் நல்லது?" "கடைக்கு வெப்சைட் போடணும், எதுல போடலாம்?" இரண்டுக்கும் நான் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன்: அது எப்படிக் கெடும், கெட்டால் யார் கையால் சரியாகும்.

முதலில் ப்ரவுசர். என் சென்டரில் குரோமுக்குத்தான் முதலிடம். பேங்க்கோ ரயில் டிக்கெட்டோ, தளத்தைச் செய்தவர்கள் குரோமில் ஒருதடவையாவது திறந்து பார்த்திருப்பார்கள். ஆனால் பக்கத்தில் பயர்பாக்ஸ் இல்லாமல் குரோமை மட்டும் நம்பி நான் கடை திறப்பதில்லை.

ஒருநாள் காலையில் காலேஜுக்கு விண்ணப்பம் போட வந்த பையன் மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. "அண்ணே, குரோம் போச்சு" என்றான். பயர்பாக்ஸைத் திறந்தேன், அதிலும் அதே கதை. இரண்டும் ஒரேமாதிரி மறுத்தால் கோளாறு ப்ரவுசருக்கு வெளியே இருக்கிறது. வலது கீழ் மூலையில் தேதியைப் பார்த்தேன்: 2010! தளம் அசல்தான் என்று ப்ரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் உண்டு. கம்ப்யூட்டரின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. மூடியைக் கழற்றினால், கரன்ட் இல்லாதபோதும் தேதியை ஓடவைக்கும், மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரியான சி.ஆர். 2032 பேட்டரி செத்துக் கிடக்கிறது, அதைப் பிடித்திருக்கும் தகடு பச்சை பூத்திருக்கிறது. கடல்காற்று எங்கள் ஊரில் எதைத்தான் விட்டுவைத்தது? தகட்டைச் சுரண்டி, புது பேட்டரி போட்டு, நேரத்தைத் திருத்தியதும் எல்லாத் தளமும் திறந்தது.

குரோம் மறுத்து, பயர்பாக்ஸ் மட்டும் திறந்த நாளும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழைத்தான் ஏகப்பட்ட தளங்கள் வைத்திருக்கின்றன. அதற்கு மேலே நின்று உறுதி சொன்ன பழைய மூலச்சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. எந்த மூலச்சான்றிதழை நம்பலாம் என்பதற்கு அப்போது குரோம் விண்டோஸின் பட்டியலைத்தான் பார்க்கும். பயர்பாக்ஸ் தன் பட்டியலைத் தானே வைத்திருக்கும். அப்டேட் பார்க்காத மூலைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பட்டியல் பழசு. அதனால் ஒன்று திறந்தது, ஒன்று திறக்கவில்லை. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஓடு, 2023 தொடக்கத்தில், ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பயர்பாக்ஸ் 115-ன் நீண்டகாலப் பதிப்புக்கு அதற்குப் பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. அதற்காக அந்தப் பெட்டியில் பேங்க் வேலை பார்க்க யாரையும் விடமாட்டேன்.

"குரோம் சரியில்லைனா எட்ஜ் இருக்குல்ல, பிரேவ் இருக்குல்ல" என்பார்கள். எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாமே உள்ளே குரோமியம்தான், குரோமுக்கும் அதுதான் அடிப்படை. ஒரே படகுக்கு வேற வேற பெயிண்ட் அடித்த மாதிரி. குரோமில் ஒரு பக்கம் உடைந்தால் அவற்றிலும் அநேகமாக உடையும், சோதனைக்கு உதவாது. எட்ஜுக்குத் தனியாக ஒரே ஒரு உபயோகம் எனக்கு உண்டு: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஓடும் பழைய அரசுப் பக்கங்களை அதன் ஐ.இ. மோடில் திறக்கலாம். சேர்த்த முகவரி 30 நாளில் பட்டியலிலிருந்து தானே விழுந்துவிடும், மறுபடி சேர்க்க வேண்டும். இது தெரியாமல் மாதாமாதம் "போன மாசம் வந்துச்சே" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓபரா மினி, சிக்னல் சரியாகக் கிடைக்காத கரையோரத்தில் செய்தி படிக்கச் சரி. பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பும் அதன் எக்ஸ்ட்ரீம் மோடில் பணம் கட்டப் போகாதீர்கள். விளம்பரத் தொல்லைக்கு பயர்பாக்ஸ்தான். விளம்பரத்தைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் குரோமில் நின்றுபோனது, பயர்பாக்ஸில் ஆண்ட்ராய்டு போனில்கூட ஓடுகிறது.

இனி வெப்சைட். கருவாடும் கருப்பட்டியும் விற்கும் ஒரு காக்காவுக்கு (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலில், வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில்தான் போட்டுக் கொடுத்தேன். அவருக்குப் பாதி வாடிக்கை வளைகுடாவில். ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் பெட்டியில் நெத்திலிக்கும் சீலாவுக்கும் இடம் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே விலை பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தளம் பார்க்க லட்சணமாக இருந்தது. கூடை, கூப்பன், படங்களைச் சுருக்க ஒரு ப்ளகின், அதாவது கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணைநிரல்.

முதல் புகார் துபாயிலிருந்து வந்தது. "காக்கா, கருவாட்டுப் படமே தெரியல, வெறும் கட்டமா இருக்கு." பழைய ஐபோன் 6. சபாரியில் தெரியவில்லை என்று குரோம் போட்டுப் பார்த்திருக்கிறார், அதிலும் இல்லை. ஐபோனில் ஓடும் குரோமும் உள்ளே சபாரியின் என்ஜின்தான், அங்கே ப்ரவுசர் மாற்றிப் பயனில்லை. என் ப்ளகின் எல்லாப் படத்தையும் வெப்-பி வடிவத்துக்கு மாற்றியிருந்தது. சபாரி அதைப் படிக்கத் தொடங்கியது 2020-ல் வந்த 14-ஆம் பதிப்பில். ஐபோன் 6 ஐ.ஓ.எஸ். 12-ஐத் தாண்டாது. ப்ளகினை நிறுத்தி, பழையபடி ஜேபெக் போட்டதும் கருவாடு தெரிந்தது.

இரண்டாவது அடி தடைக்காலத்தில். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, பச்சைமீன் வரத்து குறையும், கருவாட்டுக்குக் கிராக்கி. அந்த நேரம் பார்த்து ஒரு ப்ளகின் தானாக அப்டேட் ஆகி, தளம் வெள்ளைத்தாளாக நின்றது. 2019-ல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பிலிருந்து, இப்படி விழுந்தால் மீட்புச் சுட்டியோடு அட்மினுக்கு மெயில் வரும். மெயில் போனது காக்காவின் மருமகன் முகவரிக்கு. மருமகன் கப்பலில்! தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்கு போன் போட்டால் "டிக்கெட் போட்டிருக்கோம் சார்" என்கிறார்கள். கடைசியில் நானே ஃபைல் மேனேஜருக்குள் போய், டபிள்யூ.பி.-கன்டென்ட்டில் இருக்கும் ப்ளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். எல்லா ப்ளகினும் அணைந்து, தளம் எழுந்து நின்றது. பெயரைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக ஏற்றி, குற்றவாளியைப் பிடிக்க நள்ளிரவு ஆனது. பத்து நிமிட வேலை என்று தெரிந்தவர் சொல்வார். காக்காவுக்கு அது முடியுமா?

கூகுளின் இலவசச் சேவையான பிளாகருக்கு மாற்றலாம் என்றபோது அவர் முகம் சுருங்கியது. "ஓசில கிடைக்கிறதுல போட்டா மதிப்பு இருக்குமா தம்பி?" 1999-ல் தொடங்கியது, 2003-ல் கூகுள் வாங்கியது, தோற்றமும் அந்தக் காலத்தையே நினைவூட்டும், மறுக்கவில்லை. கூடை கிடையாது, பணம் வாங்கும் வசதி கிடையாது. ஆனால் அவருக்கு ஆர்டர் வருவதே வாட்ஸ்அப்பில். சொந்த டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, இணைக்கலாம், சான்றிதழ் இலவசம், அப்டேட் என்ற பேச்சே இல்லை. உடைய அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது: கூகுள் கணக்கு பூட்டிக்கொண்டால் கடையும் பூட்டு. அதனால் மீட்பு போன் எண்ணாக அவர் எண்ணையே கொடுத்து, மாதம் ஒருதடவை பேக்கப் கோப்பை இறக்கிவைக்கிறேன்.

வெறும் எச்.டி.எம்.எல். பக்கத்தை கிட்ஹப்பில் இலவசமாக வைக்கும் வழியும் உண்டு. மூன்றிலும் வேகம் அதுதான். தினமும் விலை மாறும் கடைக்கு ஒத்துவராது, ஒவ்வொரு காலையும் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

மாற்றும்போது ஒரு கூத்து. பழைய விலைப்பட்டியலை டி.டி.பி. கடையில் அடித்து வைத்திருந்தார், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவைக் காட்டும் பாமினி எழுத்துருவில். ஒட்டிப் பார்த்தால் நெத்திலி இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டினேன்.

இப்போது அதிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து போனிலேயே விலையை அவர் மாற்றிக்கொள்கிறார். டொமைன் மட்டும் என் பெயரில் கிடந்தது. போன வாரம் அவர் பெயருக்கு மாற்றி, ரசீதை பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பட்டா மாதிரி மடித்து கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.