இரண்டு பருவமழையும் தாங்கும் மாடி: தக்கலை வீட்டில் வெப்பத்தடுப்பு, சில வருஷ அனுபவம்

வீட்டுக்குள் வெக்கை இறங்காமல் இருக்க மாடியில் என்ன போடலாம் என்று கேட்டால் சென்னைக்காரரும் மதுரைக்காரரும் நிறைய யோசனை சொல்வார்கள். அதை அப்படியே குமரி மாவட்டத்தில் செய்தால் சரிப்படாது. இங்கே ஜூனில் பிடிக்கிற தென்மேற்கு மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும்போதே வடகிழக்கு வந்துவிடும். வெயிலைத் தடுக்க நாம் எதைப் போட்டாலும் அது முதலில் இந்த இரண்டு மழையையும் தாங்கியாக வேண்டும். தக்கலை பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் 2019-லிருந்து மூன்று விதமாகச் செய்து பார்த்திருக்கிறோம். மூன்றுமே பல மழைக்காலம் கண்டவை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

முதல் கேள்வி, சுவரா மாடியா? எங்கள் கொத்தனார் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மக்ளே, வெயிலு செவரு வழியா வராது, மேல இருந்துதான் எறங்கும்." கணக்கும் அதையேதான் சொல்கிறது. நாம் இருப்பது சுமார் 8 டிகிரி வடக்கில். ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மற்ற நாட்களிலும் அதிகம் சாய்வதில்லை. ஐந்து அங்குல கான்கிரீட் வார்ப்பு மதியம் வாங்கிய சூட்டைச் சாயங்காலத்துக்கு மேல்தான் உள்ளே விடும். ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டூலில் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும். அதன் கீழே ஃபேன் போட்டால் சூடான காற்றுதான் வரும்.

மாடி முழுவதற்கும் முதலில் அடித்தது வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட். சதுர அடிக்குக் கூலியோடு 30 ரூபாய் பக்கம் ஆனது. முதல் கோடையில் நல்ல பலன். மதியம் மேலே செருப்பில்லாமல் நிற்க முடிந்தது. சின்ன வெப்பமானித் துப்பாக்கி ஒன்று வாங்கி அளந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு வெறும் கான்கிரீட் 55 டிகிரியைத் தொட்ட மதியத்தில் எங்கள் தரை 40-ஐ ஒட்டி இருந்தது. ஆனால் பெயிண்டின் வேலையே வெள்ளையாக இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதுதான். வெள்ளை போனால் வேலையும் போயிற்று. ஆடி முடிவதற்குள் தண்ணீர் தேங்கும் மூலைகளில் பச்சை படர்ந்தது. தென்னை மரத்து நிழல் விழும் பக்கம் பாசி பிடித்துக் கறுத்தது. கார்த்திகை மழை முடிந்தபோது பாதி மாடி சாம்பல் நிறம். பிரஷ் போட்டுத் தேய்த்தால் பாசி போகும், கூடவே பெயிண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கடைக்காரர் ஏழு வருஷ உத்தரவாதம் என்று சொல்லி விற்றார். போய்க் கேட்டபோது அது நீர்க்கசிவுக்கு மட்டும்தான், வெண்மைக்கு இல்லை என்றார். வாங்கும் முன் அந்தத் தாளைப் படித்துவிடுங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் மழை குறைவு, காற்று அதிகம். அங்கே இந்த பெயிண்ட் இன்னும் நன்றாக உழைக்கும் என்றே நினைக்கிறேன். மேற்கே குலசேகரம், அருமனை பக்கமெல்லாம் வருஷா வருஷம் கழுவ ஆள் இருந்தால் மட்டும் அடிக்கலாம்.

இரண்டாவது வேலை, மாடி அறைகளின் கூரைக்கு எக்ஸ்பிஎஸ் அட்டை. தெர்மோகோல் வகைதான், நீல நிறத்தில் இறுக்கமாக இருக்குமே, அதுதான். சாதாரணத் தெர்மோகோலை விட மிகக் குறைவாகவே தண்ணீர் குடிக்கும், அதனால்தான் நம் ஊருக்கு இதைச் சொல்கிறேன். வார்ப்புக்கு மேல் முதலில் நீர்த்தடுப்புப் பூச்சு, அதன் மேல் 50 மில்லிமீட்டர் அட்டை, பிறகு ஒரு மெல்லிய ஷீட், கம்பி வலை, சரிவு பார்த்துப் போட்ட கலவை, கடைசியில் வெள்ளை டைல்ஸ். சதுர அடிக்கு 180 ரூபாய் வரை இழுத்துவிட்டது. ஆனால் இதுவரை ஒரு குறையும் இல்லை. வெறும் வார்ப்பு இருந்த காலத்தில் சாயங்காலம் 38 டிகிரி காட்டிய சீலிங், இப்போது அதே ஏப்ரலில் 32, 33-க்கு மேல் போவதில்லை. டைல்ஸிலும் பாசி பிடிக்கிறது, ஆனால் தேய்த்தால் வெள்ளை திரும்பிவிடுகிறது. அப்படியே கறுத்தாலும் அட்டை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்கிற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரை வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது என்கிறது. வெறும் வார்ப்பில் அது 3-க்கும் மேல். இந்த அட்டை போட்டால் 1-க்குக் கீழே வந்துவிடும்.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அட்டை வைக்கும் முன் மாடியில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். அட்டைக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மார்த்தாண்டத்தில் சித்தி வீட்டில் சீலிங்குக்குக் கீழே கண்ணாடிப் பஞ்சு வைத்து ஜிப்சம் அடித்திருந்தார்கள். ஒரே மழையில் பஞ்சு நனைந்து பூஞ்சை வாடை வந்து, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார்கள். தடுப்பு வார்ப்புக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஹாலுக்கு மேலே இருந்த திறந்த மாடிக்கு டிரஸ் என்கிற இரும்புச் சட்டம் அடித்து, அதன் மேல் கூரை ஷீட். நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இதைப் பார்க்கலாம். ஒழுகலுக்காகப் போடுகிறவர்களே அதிகம், ஆனால் வெக்கைக்கு இதுபோல் ஒன்று கிடையாது. வார்ப்பில் வெயிலே படாதபோது சூடு எங்கிருந்து வரும்? அம்மா பிறந்த ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் அதன் கீழிருக்கும் மர மச்சுக்கும் நடுவே காற்று ஓடும். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் ஏப்ரல் மதியம் போனாலும் அந்தக் குளிர்ச்சி தெரியும். அதே முறைதான் இதுவும். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும், ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம் வேண்டும். ஷீட்டைத் தாழ்வாக இறக்கிப் பக்கங்களை அடைத்துவிட்டால் சூடான காற்று அங்கேயே நின்றுவிடும். கடல் பக்கம் குளச்சல், முட்டம் ஆட்கள் சாதா ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட் வாங்க வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும்.

காற்றையும் யோசிக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது இந்த மாவட்டத்தில் எத்தனை ஷீட் பறந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் தூண்களை பேஸ் பிளேட் என்கிற அடித்தகடு வைத்து வார்ப்பில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறோம். ஸ்க்ரூவுக்கு அடியில் வரும் கறுப்பு ரப்பர் வாஷரை வருஷம் ஒருமுறை பாருங்கள். வெயிலில் காய்ந்து வெடித்த வாஷர் வழியாகத்தான் முதல் சொட்டு விழும். தேங்காய் விழுந்து இரண்டு இடத்தில் ஷீட் குழிந்திருக்கிறது, பரவாயில்லை. மழைச் சத்தத்தில் ஹாலில் டிவி கேட்காது, அதுவும் பழகிவிட்டது. தேங்காய் காயப்போட வெயில் இல்லையே என்று அம்மாவுக்கு ஒரு குறை. ஆனால் ஜூலையில் துணி காயப்போட இடம் கிடைத்ததே பெரிய சந்தோஷம் என்று அவர்களே சொல்வார்கள்.

சரி, கரண்ட் பில்? ஏப்ரல், மே கணக்கில் 600 யூனிட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது, இப்போது 450 பக்கம் நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கான மலிவு விலையும் போய்விடும் என்பதால், அந்தக் கோட்டுக்குக் கீழே வந்ததுதான் உண்மையான லாபம். ஏசி முன்பு 20-ல் ஓடும், இப்போது 26-ல் ஃபேனோடு போதுகிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. இருந்தாலும் பில்லை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் போட்ட காசு வர நிறைய வருஷம் ஆகும், அதை மறைக்க விரும்பவில்லை. நான் இதைச் சிபாரிசு செய்வது தூக்கத்துக்காக. குழந்தைகள் நடுராத்திரி வியர்த்து எழுந்து அழுவது நின்றுவிட்டது. காற்றே இல்லாத மே மாத ராத்திரியில் புழுக்கம் இருக்கத்தான் செய்யும். ஈரக்காற்றை எந்த அட்டையாலும் தடுக்க முடியாது, ஜன்னலைத் திறந்துதான் வைக்க வேண்டும்.

ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது, மாடி திறந்து கிடக்கிறது என்றால் ஷீட் போடுங்கள். இனிமேல்தான் வீடு கட்டப் போகிறீர்கள் என்றால் வார்ப்பு போட்ட கையோடு அட்டையும் டைல்ஸும் முடித்துவிடுங்கள், தனியாகக் கூலி கொடுக்க வேண்டாம். எங்களுக்கு இன்னும் மேற்குச் சுவர் பாக்கி. படுக்கையறை ஜன்னலுக்கு அகலமான சன்ஷேடு வார்க்க விலை கேட்டிருக்கிறோம், அதுவரை ஒரு வரிசை வாழை நட்டிருக்கிறோம்.