செம்பனைப் புண்ணாக்குக்கு எந்தத் தளத்தில் தேடுவது?

மலேசியாவின் குளுவாங்கில் எங்கள் தோட்டத்து வீட்டுப் பின்கொட்டகையில் ஆறு ஜம்னாபாரிக் கலப்பு வெள்ளாடுகள் நிற்கின்றன. கால்நடை அறிவியலில் டிப்ளோமா படிக்கும் அண்ணன் மகள், அவை தின்னும் செம்பனைப் புண்ணாக்கையே, அதாவது செம்பனைக் கொட்டைப் பருப்பில் எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் சக்கையையே, இறுதி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். “அத்தை, ஆட்டுத் தீவனம் என்று தேடினால் குதிரைமசால்தான் வருகிறது. அது இங்கே எங்கே விளைகிறது?” என்று கைப்பேசியை நீட்டினாள். நான் பல ஆண்டுகள் நூலகத்தில் வேலை பார்த்தவள். இரண்டு மாலைகள் சேர்ந்து உட்கார்ந்தோம்.

கேள்வியை முதலில் இரண்டாக உடைத்தோம். ஆட்டுக்கு எவ்வளவு புண்ணாக்குப் போடலாம், அது எப்போது கெடுதல் செய்யும்? ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளங்களில் இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தோம்.

2004-இல் வந்த கூகுள் ஸ்காலர் எதைக் கேட்டாலும் அள்ளிக் கொட்டும். நல்ல இதழும் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். பலர் மேற்கோள் காட்டிய பழைய கட்டுரைகள் முன்னால் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, அதைப் பின்னாளில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற இணைப்பு இருக்கிறது. அவள் அதுவரை அதைத் தொட்டதே இல்லை. செம்மறி பற்றிய ஒரு பழைய கட்டுரையில் அதை அழுத்தியதும், வெள்ளாட்டுக் கட்டுரைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. இந்த ஒரு வசதிக்காகவே ஸ்காலரை விடக்கூடாது.

பப்மெட் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தினுடையது, 1996-இல் தொடங்கியது. எடை ஏற்றம், தீவனச் செலவு என்று கேட்டால் அங்கே மெலிவாகத்தான் பதில் வரும். கெடுதல் என்று கேட்டால் கதையே வேறு. செம்பனைப் புண்ணாக்கில் செம்புச் சத்து அதிகம். செம்மறியின் ஈரல் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டே போய், ஒரு நாள் இரத்தத்தில் கொட்டிவிடும், ஆடு செத்துவிடும். வெள்ளாடு ஓரளவு தாங்கும். மாலிப்டினமும் கந்தகமும் அந்தச் செம்பை வயிற்றிலேயே கட்டிவிடுகின்றன. இந்த இயக்கத்தைப் படிக்கப் பப்மெட்டைத்தான் நான் கைகாட்டுவேன்.

ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 1970-களிலிருந்து நடத்தும் அக்ரிஸுக்குப் பல நாடுகளும் பதிவுகள் அனுப்புகின்றன. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் சிறு இதழ்கள் அங்கே தலைகாட்டும். முழுக் கட்டுரை பல நேரம் கிடைக்காது, பாதி இணைப்புகள் செத்துக் கிடக்கும், பொறுமை வேண்டும். கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ் கட்டணத் தளம். கால்நடைத் துறைக்கு அதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம். சந்தா கட்டிய பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் அந்த ஒரு நாளை அதற்கே கொடுக்க வேண்டும்.

ஆனால் எந்தத் தளத்துக்குப் போனாலும் சரியான சொல் கையில் இல்லாவிட்டால் பயனில்லை. ஒரே பொருளுக்குப் பாம் கெர்னல் கேக், பாம் கெர்னல் மீல், பாம் கெர்னல் எக்ஸ்பெல்லர் என்று பல பெயர்கள். எக்ஸ்பெல்லர் என்றால் இயந்திரத்தில் பிழிந்தது, எண்ணெய் மிச்சம் இருக்கும்; கரைப்பான் ஊற்றி எடுத்ததில் எண்ணெய் குறைவு. இது தெரியாமல் இரண்டு கட்டுரைகளின் எண்களை ஒப்பிட்டால் கணக்கே தப்பிவிடும். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுத் தேடினாலும் இதே சிக்கல்: செர்டாங்கில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் 1997 வரை வேளாண்மைப் பல்கலைக்கழகம், அதன் பின்தான் புத்ரா பல்கலைக்கழகம். ஒரு பெயரை மட்டும் போட்டால் பாதி ஆய்வு கண்ணில் படாது.

ஆகவே அவளை முதலில் ஃபீடிபீடியாவில் உட்கார வைத்தேன். பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இலவசத் தீவனக் களஞ்சியம் அது. ஒரு தீவனத்துக்கு ஒரு பக்கம்: எல்லாப் பெயர்களும், சத்து அட்டவணையும், எந்த விலங்குக்கு எவ்வளவு என்பதும், ஆய்வுகளின் பட்டியலும் அங்கேயே இருக்கின்றன. புண்ணாக்கில் புரதம் ஏறக்குறைய 14 முதல் 18 விழுக்காடு என்பதை அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். அங்கே பொறுக்கிய சொற்களோடு ஸ்காலருக்கும், பிறகு மலேசியக் கால்நடை அறிவியல் இதழின் இலவசப் பக்கங்களுக்கும் போனோம். குதிரைமசால் அதன் பின் எட்டிப் பார்க்கவே இல்லை.

அவள் தோழிகள் சிலர் செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரைப் பட்டியல் கேட்கிறார்கள். இல்லாத கட்டுரைக்கும் அது தலைப்பும் ஆண்டும் போட்டுக் கொடுத்துவிடும். ஒவ்வொரு தலைப்பையும் ஸ்காலரில் போட்டு, கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

இரண்டாம் மாலை, செம்புக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். எதிர் லயத்துத் தாத்தா மூன்று செம்மறி வளர்க்கிறார். நாங்கள் வாங்கும் அதே மூட்டையைத்தான் அவரும் வாங்குகிறார். நோட்டை மூடாமல் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடினாள்.